செம்பருத்திச் சாறு கெடாமல் இருக்க வழி உண்டா?

வணக்கம். எங்கள் தெருவில் நாலாவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வேதியியல் சோதனைகள் செய்து காட்டுகிறேன். சமையலறைப் பொருள்கள் மட்டும்தான்.

மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்தோம். சோப்புத் தண்ணீர் பட்ட இடம் சிவந்தது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டதும் திரும்ப மஞ்சளானது. பிள்ளைகள் கையில் கிடைத்ததை எல்லாம் சொட்டிப் பார்த்தார்கள். ஆனால் மஞ்சள்தூள் சோப்பு போன்ற காரப்பொருளை மட்டும்தான் காட்டும்; புளிக்கரைசலும் வெறும் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான். அதனால் செம்பருத்திக்கு மாறினோம். இதழ்களை வெந்நீரில் ஊறவைத்த சாறு எலுமிச்சைக்கு இளஞ்சிவப்பாகவும், சமையல் சோடாவுக்குப் பச்சையாகவும் மாறுகிறது.

இங்கேதான் உதவி வேண்டும். அந்தச் சாறு சீக்கிரம் கெட்டுப்போகிறது. தாளில் ஊறவைத்து உலர்த்தினால் நிறம் மங்கிவிடுகிறது. யாராவது அடர்த்தியாக வரும்படி செய்திருக்கிறீர்களா? எந்தத் தாள்?

அப்புறம், சோடாவும் வினிகரும் சேர்த்து பலூன் ஊதவைத்தாயிற்று. அந்த வாயு கார்பன் டை ஆக்சைடுதான் என்று காட்ட, தெளிந்த சுண்ணாம்பு நீர் பால்போல் வெளுப்பதைச் செய்ய ஆசை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம், அதனால் பிள்ளைகள் கையில் கொடுக்க மனமில்லை. சின்னப் பிள்ளைகளோடு இதைச் செய்தவர்கள் என்ன ஏற்பாடு செய்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.