கோயில் மலருக்கு ஊர் வரலாறு எழுதச் சொல்லியிருக்காங்க, எதை நம்பி எழுதறது?

நொய்யல்கரையான்:

வணக்கமுங்க. காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யலுக்குத் தென்கரையில் நம்ம ஊர். தை மாசம் சிவன் கோயில் கும்பாபிஷேகம், அதுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். நான் திருப்பூரில் நூல் கடையில் கணக்கு எழுதுகிற ஆள். கொஞ்சம் புத்தகம் படிப்பேன் என்கிற ஒரே காரணத்துக்காக 'ஊர் வரலாறு' பக்கத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கையில் இருப்பது இவ்வளவுதான். போன கும்பாபிஷேகத்துக்குப் போட்ட மலர் ஒன்று. அதில் கரிகாலன் கட்டிய கோயில், 2000 வருஷப் பழமை என்று இருக்கிறது, எங்கிருந்து எடுத்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. கருவறைக்கு வெளியே அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழே இருக்கிற அடிப்பீடத்தில், ரெண்டு வரிசைக் கல்வெட்டு, பாதி எண்ணெய்ப் பிசுக்கு, பாதி பெயிண்ட். அப்புறம் ரெண்டு கூட்டத்து, அதாவது ரெண்டு குலத்துப் பெரியவர்கள். ஒருத்தர் கோயிலுக்குப் பூமி விட்டதே எங்க முப்பாட்டன்தான் என்கிறார், இன்னொருத்தர் முதல் மரியாதை எங்களுக்குன்னு பட்டயமே இருக்குது என்கிறார். எடுத்துக் காட்டுங்க என்றால் அது பங்காளி வீட்டில் இருக்குதாம்.

கமிட்டித் தலைவர் எனக்குப் பெரியப்பா முறை. "கண்ணு, 2000 வருசத்த மட்டும் கொறச்சுப் போட்றாத, பக்கத்தூர்க்காரன் சிரிப்பான்" என்று இப்போதே சொல்லிவிட்டார். வரலாறு படித்தவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் என்னதான் எழுதுவார்கள்?

கல்லெழுத்து:

முதலில் அந்தக் கல்லைக் காப்பாற்றுங்க, எழுதுவது அப்புறம். திருப்பணி என்றாலே மணலைப் பீய்ச்சி அடிக்கிற மெஷினைக் கூட்டிவந்து சுவரைப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள், தடை இருந்தும் சில இடத்தில் நடக்கிறது. எழுநூறு எண்ணூறு வருஷம் நின்ற எழுத்து ஒரே மத்தியானத்தில் மழுங்கிப்போகும். டைல்ஸ் ஒட்டுவதும் அதே கணக்குத்தான். பெரியப்பாவிடம் இதை இன்றைக்கே பேசிவிடுங்க.

படம் எடுக்க, நன்றாக இருட்டினதும் டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்க. வெட்டின பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். சாக்பீஸ், கோலமாவு எதுவும் தேய்க்க வேண்டாம். எது எழுத்து என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அந்தக் கோடுதான் வெள்ளையாகும், பின்னால் வருகிறவனும் அதையே படிப்பான்.

அந்தக் கல்வெட்டை ஏற்கனவே யாராவது படித்திருக்கவும் வாய்ப்புண்டு. 1887-லிருந்து கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வந்திருக்கின்றன. ஆனால் திருப்பூர் மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது, அது வந்ததே 2009-ல், ஈரோடு 1979-ல். பழைய கோயமுத்தூர் மாவட்டத்தில் தாராபுரம், ஈரோடு ரெண்டு தாலுகாவிலும் பாருங்க, ஊர்ப்பெயரை அன்றைக்கு எப்படி எழுதினார்களோ அப்படி. தொல்லியல் துறை மாவட்டவாரியாகப் போட்ட தொகுதிகளையும் விடாதீங்க.

கரிகாலன் விஷயத்துக்கு வருகிறேன். சங்க காலத்துக் கற்கோயில் என்று தமிழ்நாட்டில் எங்கேயும் ஒன்று இல்லை. பாறையைக் குடைந்து கோயில் செய்கிற வேலையே இங்கே ஆறு, ஏழாம் நூற்றாண்டில்தான் சூடு பிடிக்கிறது. உங்கள் பக்கம் நிறையக் கிடைப்பது கொங்குச் சோழர், கொங்குப் பாண்டியர் காலத்துக் கல்வெட்டு. யாரோ ஒருவர் சந்தியாதீபம் என்கிற அந்தி விளக்கு எரிக்கச் சில அச்சு, அதாவது அந்தக் காலத்துக் காசு, கொடுத்திருப்பார், கோயில் சிவப்பிராமணர் 'கைக்கொண்டோம், சந்திர சூரியர் உள்ளவரை எரிப்போம்' என்று ஒப்புக்கொண்டிருப்பார். அரசன் பெயர் 'கோனேரின்மை கொண்டான்' என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீங்க. சோழரும் பாண்டியரும் கொங்குச் சோழரும் போட்டுக்கொண்ட பட்டம் அது. எழுத்தமைதி (எழுத்தின் வடிவம் எந்தக் காலத்தது என்பது), ஆட்சியாண்டு, கொடுத்தவர் பெயர் எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் ஆள் யாரென்று சொல்ல முடியும்.

மலையடிவார டீச்சர்:

கொடுமணல் உங்களுக்குக் கூப்பிடு தூரம், அதனால் அந்த 2000 எங்கிருந்து வந்தது என்று யூகிக்க முடிகிறது. அங்கே தோண்டினதில் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும், இரும்பு உருக்கின உலையும், பாதி வேலையில் நின்றுபோன கல்மணிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வருகிற கொடுமணம் இதுதான் என்கிறார்கள். சரி, அதற்காகச் சுத்துப்பட்டு ஊர்க் கோயிலுக்கெல்லாம் அதே வயதைப் போட முடியுமா? ஊரின் வயது வேறு, கோயிலின் வயது வேறு. பெரியப்பாவுக்கு வேண்டியது ஒரு பெரிய எண்தானே, 'நொய்யல் கரையில் 2000 ஆண்டுக்கு முன்பே மணி கோத்து, இரும்பு உருக்கி வாழ்ந்திருக்கிறார்கள், நம் கோயிலில் எழுத்து கிடைப்பது இன்ன நூற்றாண்டிலிருந்து' என்று எழுதுங்க. எண்ணும் நிற்கும், பொய்யும் இல்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பாடப் புத்தகத்தில் கல்வெட்டு என்றால் ராஜா, போர், வெற்றி. பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் கரூர் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வேன், தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு, அதாவது கொல்லர் தச்சர் போன்ற கைவினைக்காரர்களுக்கு, அரசன் விட்ட ஓலை அது. இனிமேல் நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே கிளம்பினால் காலில் செருப்புப் போடலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று. வாசித்து முடித்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்போ அதுக்கு முன்னாடி செருப்புப் போடக்கூடாதுங்களா மிஸ்?" அன்றைக்குப் பாடம் அந்தக் கேள்வியில்தான் ஓடியது, மணியடித்தும் ஒருத்தரும் எழவில்லை.

இந்த மாதிரி விஷயம் எந்தக் கோயில் மலரிலாவது வருகிறதா? தேடித்தான் பாருங்க.

உடுக்கையடி:

நீங்க ரெண்டு பேரும் கல்லையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். கல்லில் பேர் வெட்டிக்கொண்டவன் யார்? விளக்குக்குக் காசு கொடுக்க முடிந்தவன். அந்த விளக்குக்கு எண்ணெய் ஆட்டினவன், கோயிலுக்குக் கல் சுமந்தவன், சாவுக்கும் சாமிக்கும் பறையடித்தவன் பேர் எந்தச் சுவரில் இருக்கிறது? அவர்கள் வரலாறு வாயில்தான் இருக்கிறது.

பொன்னர், சங்கர் என்கிற அண்ணன் தம்பியைப் பாடுகிற அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்க. பிரெண்டா பெக் என்கிற அம்மா, மானிடவியல் ஆய்வாளர், 1965-ல் உங்க காங்கேயம் பக்கத்திலேயே வந்து தங்கி, உடுக்கையோடு பாடினதை டேப்பில் பதிந்தார். பொன்னரும் சங்கரும் எந்த வருஷம் பிறந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. இந்தச் சனங்கள் நிலத்தை, பங்காளிச் சண்டையை, பெண் எடுத்துப் பெண் கொடுப்பதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அந்தப் பாட்டிலிருந்து எடுத்தார். அதுவும் வரலாற்று வேலைதானே?

அதனால் தம்பி, ரெண்டு கூட்டத்துப் பெரியவர்கள் சொல்வதையும் போடுங்க, 'இன்னார் சொன்னது, அவருக்கு அவர் அப்பாரு சொன்னது' என்று யார் வாய்மொழி என்பதோடு போடுங்க. அதோடு நிறுத்தாமல், கல் சுமந்தவனும் பறையடித்தவனும் குடியிருக்கிற வளவுக்குள்ளும் போங்க. கோயில் கட்டின கதை அங்கே வேறு மாதிரி இருக்கும், கண்டிப்பாக.

கல்லெழுத்து:

உடுக்கையடி சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை, வளவுக்குப் போகச் சொன்னது நான் விட்ட விஷயம். ஆனால் பட்டயம் வாய்மொழியில் சேராது. மரியாதைக்கு ஆதாரமாகக் காட்டுகிற பத்திரம் அது, அதைப் பத்திரமாகவே சோதிக்க வேண்டும். சகாப்தம், அறுபது வருஷப் பெயர், மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டிருப்பார்கள். சாலிவாகன சகாப்தத்தோடு 78 கூட்டினால் ஆங்கில வருஷம் வரும், அந்த வருஷத்துக்கு அந்தத் தமிழ்ப் பெயர் பொருந்துகிறதா, அந்தத் தேதி அந்தக் கிழமையில் விழுகிறதா என்று பாருங்க. பொருந்தாத பட்டயம் நிறைய உண்டு. மரியாதைத் தகராறு வந்த பிறகு எழுதிக்கொண்டவையும் அவற்றில் இருக்கும். மூலத்தைப் பார்க்காமல் மலரில் அச்சடித்துவிட்டால் நாளைக்கு அந்த மலரையே ஆதாரம் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள், கோர்ட் வரைக்கும்.

நொய்யல்கரையான்:

எல்லோருக்கும் நன்றிங்க. மணல் அடிக்கிறதை நிறுத்தியாச்சு, கல்வெட்டுப் படத்தை மலரில் முழுப் பக்கம் போடலாம் என்றதும் பெரியப்பாவே முன்னால் நின்று ஸ்தபதியிடம் பேசினார். படம் மூன்று போட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' தெரிகிறது, கீழ்வரிசையில் 'சந்தியாதீ' வரைக்கும் படிக்க முடிகிறது. நடுவில் மட்டும் கூட்டிப் படித்தால் அர்த்தமே வரவில்லை, புள்ளியும் ஒரு எழுத்துக்குக்கூட இல்லை.

கல்லெழுத்து:

புள்ளி பெரும்பாலும் வைக்க மாட்டார்கள், காலும் ரகரமும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அர்த்தம் வராததற்குக் காரணம் வேறு. ரெண்டாவது படத்தில் நடுவில் இருக்கிற கல்லைப் பாருங்க, எழுத்தின் உயரமே பக்கத்துக் கல்லோடு ஒத்துப்போகவில்லை. முன்னே ஏதோ ஒரு திருப்பணியில் பிரித்துக் கட்டும்போது கல்லை மாற்றி வைத்திருக்கிறார்கள். 'யாண்டு' என்று முடிகிற கல் இருக்கிறது, அதை அடுத்து ௰ என்று பத்துக்கான குறியோ வேறு எண்ணோ ஆரம்பிக்கிற கல் வேறு சுவரில் இருக்கும். வடக்குப் பக்கம், அபிஷேகத் தண்ணீர் வெளியே விழுகிற கோமுகிக்குக் கீழே, மடைப்பள்ளிப் படிக்கட்டு எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் படம் போடுங்க. மூன்றாவது படம் கலங்கல், டார்ச்சை இடது பக்கம் வைத்து இன்னொன்று எடுங்க.