நினைவு அழிந்தவரிடம் தேவசாயல் எங்கே இருக்கிறது?

நெல்லை மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் ஊர் ஞாயிறுப் பள்ளியில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது மறதி நோய் முற்றி, என்னைத் தம் அக்காள் என்று எண்ணிப் பேசுகிறார். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால், விழுங்கும்படியும் சில வேளைகளில் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்மையில் ஜெபிக்க வந்த ஒருவர், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "ஆள் எப்போதோ போய்விட்டார்கள், கூடுதான் இருக்கிறது" என்றார். அதைவிட என்னைக் கலங்கவைத்தது எங்கள் போதகரின் தயக்கம். வீட்டுக்கு வந்து திருவிருந்து (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு) கொடுக்கும்படி நான் கேட்டபோது, எதைப் பெறுகிறோம் என்று அறியாதவருக்குக் கொடுப்பது முறையாகுமா என்று அவர் 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தைக் காட்டினார்.

"நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும் மனுஷனை உண்டாக்குவோமாக" என்ற வசனத்துக்கு எங்களுக்குச் சொல்லப்பட்ட விளக்கம், மிருகங்களுக்கு இல்லாத பகுத்தறிவும் தேவனை அறியும் திறனும் மனிதனுக்கு உண்டு என்பதே. அம்மாவும் அப்படித்தான் கற்பித்தார். அது சரியென்றால், அறிவு கரைந்துபோகும்போது தேவசாயலும் கரைந்துபோகிறதா? ஆறுதல் வார்த்தைகளை நான் கேட்கவில்லை. வேதமும் சபையின் மரபும் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழைய ஏற்பாட்டு மாணவன்:

சகோதரி, அந்த விளக்கம் ஆதியாகமத்தில் இருப்பது அல்ல, அதைப் பிற்காலத்தில் வாசித்தவர்கள் கொண்டுவந்தது என்பதே என் கருத்து. சாயல் என்பது இன்னது என்று அந்த அதிகாரம் எங்கும் வரையறுக்கவில்லை. மனிதரை ஆணும் பெண்ணுமாகப் படைத்ததையும், ஆசீர்வதித்ததையும், மற்ற உயிர்கள்மேல் ஆளுகையை ஒப்படைத்ததையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. அந்த எழுத்துகள் பிறந்த உலகத்தில் தெய்வத்தின் உருவம் என்று அழைக்கப்பட்டவன் அரசன்தான். துத்தன்காமன் என்ற பார்வோனின் பெயருக்கே ஆமோன் தெய்வத்தின் உயிருள்ள உருவம் என்று பொருள் கொள்வார்கள். அசீரிய அரசர்களோ தாங்கள் வென்ற நாடுகளில் தங்கள் உருவங்களை நிறுத்தி, அந்த மண் யாருடையது என்பதை அங்குள்ளவர்களுக்கு அறிவித்தார்கள். அரண்மனைக்கு மட்டும் உரியதாக இருந்த அந்தப் பட்டத்தை, ஆதியாகமம் அரண்மனையை விட்டு வெளியே எடுத்து, பெண்கள் உட்பட எல்லா மனிதருக்கும் சூட்டுகிறது என்பதே இன்றைய அறிஞர் பலரின் வாசிப்பு. இந்த வாசிப்பில், சாயல் என்பது மனிதனுக்குள் இருக்கும் ஒரு திறமை அன்று. தேவன் அவனை எங்கே நிறுத்தியிருக்கிறார், யாருடையவன் என்று அறிவித்திருக்கிறார் என்பதே.

ஏதேன் தோட்டத்தில் நேர்ந்த வீழ்ச்சிக்குப் பிறகும், ஜலப்பிரளயத்துக்குப் பிறகும், ஆதியாகமம் 9:6 மனிதனைக் கொலைசெய்வதைத் தடுக்கும்போது, அவன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டவன் என்பதையே காரணமாகக் காட்டுகிறது. புத்தி தெளிவாக உள்ளவனின் இரத்தம் என்று அங்கே நிபந்தனை எதுவும் இல்லை. யாக்கோபு நிருபமும் (3:9) மனிதரைச் சபிக்கும் நாவைக் கண்டிக்க இதே காரணத்தைத்தான் சொல்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் அந்த வசனத்தை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

திருச்சி வாசகர்:

கத்தோலிக்கன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பகுத்தறிவையே சாயலாகக் கொண்ட மரபின் பெருந்தூண்கள் புனித அகுஸ்தீனாரும் புனித தோமா அக்குவினாரும் ஆவர். மூவொரு இறைவனைப் பற்றிய தம் நூலில், மனித மனத்தின் நினைவு, அறிவு, விருப்பம் ஆகிய மூன்றிலும் இறைவனின் சாயலைத் தேடியவர் அகுஸ்தீனார். அந்த வரிசையில் முதலில் நிற்பது நினைவு என்பதால், உங்கள் கேள்வி அவருடைய வாசலிலேயே போய் நிற்கிறது. ஆனால் அவர்கள் இக்கேள்வியைத் தவிர்க்கவில்லை. தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் முதல் பகுதி, 93ஆம் வினாவில், அகுஸ்தீனாரையே மேற்கோள் காட்டி, இறைச்சாயல் ஆன்மாவில் எப்போதும் நிலைத்திருக்கிறது என்கிறார். பகுத்தறிவைப் பயன்படுத்த இயலாதவர்களிடம் அது ஏறக்குறைய இல்லாததுபோல் மங்கியிருக்கலாம், பாவிகளிடம் உருக்குலைந்திருக்கலாம், நீதிமான்களிடம் தெளிவாக ஒளிரலாம் என்று மூன்றாகப் பிரிக்கிறார். "ஏறக்குறைய இல்லாததுபோல்" என்ற அந்தச் சொற்கள் எனக்கு உவப்பானவை அல்ல. என்றாலும், இல்லை என்று சொல்ல அவரே துணியவில்லை.

வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்வு: ஜெர்மனியில் நாஜி அரசு மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் நச்சுவாயு அறைகளில் கொன்றுகொண்டிருந்தபோது, 1941 ஆகஸ்ட் 3 அன்று ம்யூன்ஸ்டர் நகரின் புனித லம்பேர்த்து ஆலயத்தில் ஆயர் கிளெமென்ஸ் அவுகுஸ்த் ஃபான் காலன் அதை வெளிப்படையாகக் கண்டித்துப் பிரசங்கித்தார். ஓடாத இயந்திரத்தையும், நொண்டிக் குதிரையையும், பால் வற்றிய பசுவையும் அப்புறப்படுத்துவதுபோல் மனிதரை அப்புறப்படுத்தலாமா என்று கேட்ட அவர், உழைக்க இயலாதவரைக் கொல்லலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் முதுமையில் நம் எல்லோருக்கும் ஐயோ என்று எச்சரித்தார். அதற்குள் அந்த வாயு அறைகளில் 70,000க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். அந்த மாதமே ஹிட்லர் அத்திட்டத்தை நிறுத்த உத்தரவிட்டாலும், வேறு வழிகளில் கொலைகள் தொடர்ந்தன.

ஐயம் தீராதவன்:

நான் விசுவாசி அல்லன்; குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திறமையையும் சாராதது, இழக்கவும் முடியாதது என்றால், தேவசாயல் என்பது மனித இனத்தில் பிறந்தவர் என்பதற்கு மற்றொரு பெயர் என்பதைத் தவிர வேறென்ன? குழந்தையைவிட நுண்ணிய அறிவுள்ள குரங்குக்கு அது இல்லை என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? பகுத்தறிவு என்ற பழைய விளக்கம் தவறானதாக இருக்கலாம். ஆனால் அது ஒரு காரணத்தையாவது முன்வைத்தது.

பழைய ஏற்பாட்டு மாணவன்:

நியாயமான கேள்வி. விசுவாசத்துக்கு வெளியே நின்று சரிபார்க்கக்கூடிய அளவுகோல் எதையும் என்னால் தர இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவுகோல் கையில் இருந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1550, 1551ஆம் ஆண்டுகளில் ஸ்பெயினின் வய்யதோலிது நகரில், அமெரிக்கப் பழங்குடிகளைப் போரால் அடக்குவது நியாயமா என்று அறிஞர் குழுவின்முன் விவாதம் நடந்தது. அவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள், ஆகவே இயல்பிலேயே அடிமைகள் என்று செபுல்வேதா என்ற அறிஞர் வாதிட, லாஸ் கசாஸ் என்ற துறவி அந்தப் பழங்குடிகளுடைய நகரங்களையும் ஆட்சிமுறைகளையும் கலைகளையும் விரித்துரைத்து, அவர்கள் பகுத்தறிவுள்ளவர்களே என்று நிறுவ வேண்டியிருந்தது. அவர் நல்லவர்; ஆனாலும் அந்த விவாதத்தின் அமைப்பே, ஒருவர் மனிதராக நடத்தப்படுவதற்குமுன் தேர்வில் வெல்ல வேண்டும் என்று கேட்டது. சகோதரியின் தாயாரை அந்தத் தேர்வுக்கு உட்கார வைத்தால் என்ன ஆகும்? குரங்கைப் பற்றி ஆதியாகமம் பேசவில்லை. அதை இழிவாக நடத்த அங்கே அனுமதி இருப்பதாகவும் நான் வாசிக்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆயர்:

மகளே, எங்கள் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) மரபில் இது ஒரே குரலாக இல்லை; அதன் முன்னோடிகளான லூத்தரும் கால்வினுமே இதில் வேறுபடுகிறார்கள். ஆதாம் பெற்றிருந்த நீதியையே சாயல் என்று கொண்டதால், அது வீழ்ச்சியில் இழக்கப்பட்டு கிறிஸ்துவில் புதுப்பிக்கப்படுகிறது என்று லூத்தர் கற்பித்தார். கால்வின் அது சிதைந்தாலும் முற்றிலும் அழியவில்லை என்றார். பிறருடைய தகுதியைப் பாராமல் அவர்களிலுள்ள தேவசாயலைப் பார்த்து நேசிக்க வேண்டும் என்று கால்வின் தம் முதன்மை நூலின் மூன்றாம் புத்தகத்தில் எழுதியிருப்பதை, இன்றைக்கு நோயாளிகளைச் சந்திக்கப் போகும் ஊழியர்கள் வாசித்துவிட்டுப் போகலாம்.

இனி திருவிருந்து. உங்கள் போதகர் காட்டிய பகுதியை 20ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறிக்க, மற்றவர்கள் பசியோடு இருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே என்று பவுல் சினந்து எழுதுகிறார். "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்பதும், கர்த்தருடைய சரீரத்தை நிதானித்து அறியாமல் உண்பவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு என்பதும் அந்தச் சினத்தின் தொடர்ச்சியாக வருபவை. பிறரை அற்பமாக எண்ணி உண்டவர்களுக்குச் சொன்னதைத் தன் பெயரையே மறந்துவிட்ட ஒரு முதியவளுக்கு எதிராகத் திருப்புவது, பவுலின் வாதத்தைத் தலைகீழாக நிறுத்துவதாகும். கிழக்கத்திய மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைகளுக்கே நற்கருணையை, அதாவது இந்தத் திருவிருந்தை, கொடுக்கிறார்கள். அக்குழந்தைக்கு என்ன தெரியும் என்று அங்கே யாரும் தேர்வு வைப்பதில்லை. உங்கள் தாயார் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் சடங்கில் தம் விசுவாசத்தை அறிக்கையிட்டு, தெளிவோடிருந்த காலமெல்லாம் அந்தப் பந்தியில் பங்குபெற்றவர். அந்த விருப்பத்தை அவர் திரும்பப் பெறவில்லை. இதைச் சினமின்றி உங்கள் போதகரிடம் எடுத்துச் சொல்லுங்கள். விழுங்குவதில் சிரமம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பத்தின் சிறு துணுக்கைத் திராட்சரசத்தில் நனைத்துக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.