வின்டர் முழுக்க வீட்டுக்குள்ளயே சைக்கிள் மிதிக்கிறவங்க எப்படித் தாக்குப்பிடிக்கிறீங்க? என் கதையிலேர்ந்து ஆரம்பிக்கிறேன்

மிசிசாகாவிலிருந்து:

இது எனக்கு கனடாவுல அஞ்சாவது வின்டர். ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் ஏரிக்கரையோரமா வாரத்துக்கு 150 கிலோமீட்டர் சுத்துற ஆளு நான், நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிட்டாங்கன்னா அன்னிக்கே சுருண்டுடுவேன். ஆபீஸ் முடிஞ்சு வெளிய வந்தா கும்மிருட்டு, ரோடெல்லாம் பனிக்காகக் கொட்டின உப்பு, கார்க்காரன் கண்ணுல நாம படுவோமாங்கிறதே சந்தேகம். சரி வீட்டுக்குள்ளயே ஓட்டுவோம்னு முதல் வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் ட்ரெய்னர் வாங்கினேன், நம்ம சைக்கிளையே மாட்டி நின்ன எடத்துல மிதிக்கிற ஸ்டாண்டு, பின் சக்கரத்த ஒரு உருளை மேல அழுத்திப் பிடிக்குமே, அந்தப் பழைய டைப். அதக் கொண்டுபோய் பேஸ்மென்ட்ல ஃபர்னஸுக்குப் பக்கத்துல போட்டேன், கதகதன்னு இருக்கும்னு நெனச்சு. அதவிட கிறுக்குத்தனம் வேற எதுவும் நான் பண்ணதில்ல.

முதல் நாள் 18 நிமிஷம். கீழ பாத்தா வாளித் தண்ணி கவுத்த மாதிரி வேர்வை. வெளிய இதே வேகத்துல போனா ஹார்ட் ரேட் 145 தான் காட்டும், இங்க 172. சரி உடம்பு போச்சு, வயசாயிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் வாரம் ரெண்டு நாள், ஒரு நாள், டிசம்பர் கடைசில சைக்கிள் ஹேண்டில்ல ஈரத் துண்டு காயுது. மனசுல உறுதி இல்லாதவன்டா நீன்னு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்.

ஆபீஸ்ல ஒருத்தர், காலேஜ்ல துடுப்புப் படகு ஓட்டினவர், கதையெல்லாம் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "ஃபேன் எங்க வெச்சிருக்கே?" ஃபேனா, வெளிய மைனஸ் 18 சார்னேன். அப்புறம்தான் பொறுமையா சொன்னார். நம்ம உடம்பு செலவு பண்ற சக்தியில கால் பங்குக்கும் கொறைவாத்தான் பெடலுக்குப் போகுது, மிச்சமெல்லாம் சூடு. 200 வாட் மிதிச்சா 600 வாட்டுக்கு மேல சூடா வெளிய வருது, அதாவது ஒரு சின்ன ரூம் ஹீட்டர் நம்ம தோலுக்கு அடியில எரியுது. ரோட்ல போகும்போது எதிர்காத்து அந்தச் சூட்ட அடிச்சிட்டுப் போயிடும், பேஸ்மென்ட்ல அது நம்மளச் சுத்தியே நிக்கும், இதயம் தசைக்கும் ரத்தம் அனுப்பணும் தோலுக்கும் அனுப்பணும், அதான் அந்த 172.

ஜனவரி நடுவுல இந்த ஊர்ல ஃபேன் தேடிப் பாத்திருக்கீங்களா? கடையில அந்த வரிசை முழுக்க ஹீட்டரும் பனி அள்ளுற மண்வெட்டியும்தான். கடைக்காரப் பையன் என்ன ஒரு மாதிரி பாத்துட்டு உள்ள போய் போன வருஷ ஸ்டாக்ல மிஞ்சின ஒரு ஸ்டாண்ட் ஃபேன எடுத்துட்டு வந்தான், பொட்டி மேல ஒரு இஞ்ச் தூசி. அத நெஞ்சுக்கு நேரா வெச்சு ஓட்டின அன்னிக்கு 50 நிமிஷம் எறங்காம மிதிச்சேன். எனக்குக் கொறைஞ்சிருந்தது உறுதி இல்ல, காத்து.

ரெண்டாவது வருஷம் ஆப் சொல்றபடி தானே இறுக்கித் தளத்துற ஸ்மார்ட் ட்ரெய்னர், அப்புறம் ஸ்விஃப்ட் (Zwift), நாம மிதிக்க மிதிக்க ஸ்கிரீன்ல நம்ம பொம்மை ஓடுற ஆப், எல்லாம் வந்துச்சு. அதுல வேற மாதிரி மாட்டிக்கிட்டேன். நவம்பர்லயே எஃப்டிபி டெஸ்ட் எடுத்தேன், அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட் எவ்வளவுன்னு பாக்கறது, 20 நிமிஷம் உசிரக் குடுத்து மிதிச்சு அந்த சராசரியில 95 சதவீதம், அந்தக் கணக்கு. நல்ல ஃபார்ம்ல எடுத்த நம்பர வெச்சுக்கிட்டு வாரத்துக்கு அஞ்சு நாள்னு 12 வாரத்துக்கு ஒரு பிளான் போட்டேன். மூணாவது வாரம் ஒரு செவ்வாக்கிழமை, தூக்கமும் இல்ல சரியா சாப்பிடவும் இல்ல, எர்க் மோட்ல ஓடிட்டிருக்கு. எர்க் மோட் தெரியாதவங்களுக்கு, நாம எவ்வளவு மெதுவா மிதிச்சாலும் சொன்ன வாட்ட கறந்தே தீரும் மெஷின். கேடன்ஸ், அதாவது நிமிஷத்துக்கு எத்தன தடவ பெடல் சுத்துதுங்கிற கணக்கு, 90லேர்ந்து 75க்கு வந்துச்சு, ஈடுகட்ட அது இன்னும் இறுக்குச்சு, 60, இன்னும் இறுக்குச்சு, 45, அவ்வளவுதான், சேத்துல கால் பொதைஞ்ச மாதிரி பெடல் அப்படியே நின்னுடுச்சு. நான் சீட்ல உக்காந்து செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன், ஸ்கிரீன்ல என் பொம்மை ரோட்டோரமா நிக்குது. அன்னிக்கு விட்டவன் மார்ச்லதான் திரும்ப ஏறினேன்.

இப்ப ரெண்டே விஷயம்தான். ராத்திரியே துணி, பாட்டில், துண்டு, ஃபேன் பிளக் எல்லாம் ரெடியா இருக்கணும், காலைல நான் யோசிக்கிற மாதிரி ஒண்ணுமே மிச்சம் இருக்கக் கூடாது. ரெண்டாவது, 10 நிமிஷம் மட்டும் மிதிப்பேன், அப்பவும் புடிக்கலன்னா எறங்கிடலாம், கேள்வியே கிடையாது. மூணு வருஷத்துல மொத்தமே நாலு தடவதான் எறங்கியிருக்கேன், அதுல ஒண்ணு காய்ச்சல்.

உங்க கதையையும் சொல்லுங்க.

ஸ்கார்பரோவிலிருந்து:

தம்பி, ஃபேன் கதை வாசிச்சுச் சிரிச்சுப் போட்டன். எனக்கு ஃபேன் பிரச்சினை இல்லை, எனக்குச் சத்தம்தான் பிரச்சினை. எங்கட வீட்டு பேஸ்மென்ட்டை ஒரு படிக்கிற பெடியனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறம், அதால ட்ரெய்னரை மேல ஹோலுக்குள்ள வச்சு விடிய அஞ்சரைக்கு மிதிச்சனான். ரெண்டு கிழமை பெடியன் ஒண்டும் சொல்லேல்லை. மூண்டாம் கிழமை பாவம் வந்து, "அங்கிள், விடியக் காலமை ஆன்ட்டி ஏன் ஒவ்வொரு நாளும் மா அரைக்கிறவ?" எண்டு கேட்டான். மனுசி அண்டைக்கே ட்ரெய்னரைத் தூக்கி கராஜுக்குள்ள போட்டுட்டா.

கராஜுக்குள்ள ஹீட்டர் ஒண்டும் இல்லை, மைனஸ் 12 எண்டால் உள்ளையும் கிட்டத்தட்ட அதுதான். முதல் எட்டு நிமிசம் விரல் எல்லாம் விறைச்சுப் போகும், ஜக்கெட்டோடதான் ஏறுவன். பிறகு ஒண்டொண்டாக் கழட்டி இருவது நிமிசத்தில பெனியனோட நிப்பன், உடம்பில இருந்து ஆவி பறக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருக்கா பார்த்துப் புகையெண்டு ஓடி வந்தவர். கதவை ஒரு அடி உயத்தி விட்டால் காத்துக் காணும், ஃபேன் தேவையில்லை.

ஆனா தனிய எண்டால் நான் எப்பவோ விட்டிருப்பன். எங்களில நாலு பேர் ஜூன் மாசம் ரைட் டு கொங்கர் கான்சர் எண்டு கான்சருக்காகக் காசு சேர்க்கிற சைக்கிள் பயணம் ஓடுறம், டொரான்டோவில இருந்து நயாகரா வரைக்கும் ரெண்டு நாள், 200 கிலோமீட்டருக்கு மேல. எங்கட அப்பா கான்சராலதான் போனவர், அதால முதல் வருசம் பேர் குடுத்தது. காசு சேர்க்கேக்க சொந்தக்காரர் எல்லாரிட்டையும் வாய் விட்டாச்சு, இனி ஓடாமல் இருக்க ஏலாது பாருங்கோ. செவ்வாயும் வியாழனும் அஞ்சரைக்கு ஸ்விஃப்ட்டில ஒரு மீட்டப் போடுவம், அதில எல்லாரையும் ஒண்டா வச்சிருக்கிற ஒப்ஷன் ஒண்டு இருக்கு, ஆர் எவ்வளவு மிதிச்சாலும் ஆக்கள் பிரிய மாட்டினம். எங்கட மச்சான் 120 கிலோ, நான் 64, ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில மலை ஏறுவம். வட்ஸப்பில கோல் ஓடும், முக்கால்வாசி ஊர்க் கதைதான். ஒருத்தன் வராட்டி மிச்ச மூண்டு பேரும் மாறி மாறி போன் அடிச்சு எழுப்புவம், அவன்ட மனுசி எங்களைத் திட்டாத நாள் இல்லை.

இன்னொண்டு, ட்ரெய்னரில மிதிக்கிறதெல்லாம் ஒரு பயிற்சியோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு நான் ஒரே பேர்தான் சொல்லுறனான், மத்யூ ஹேமன், ஒஸ்ரேலியா சைக்கிள் ரேஸ்காரர். 2016 பெப்ரவரி கடைசியில ஒரு ரேஸில விழுந்து அந்த மனுசன் கையை முறிச்சுப் போட்டார். கட்டோட கராஜுக்குள்ள ட்ரெய்னரைப் போட்டு ஸ்விஃப்ட்டில மிதிச்சவர். ஆறு கிழமையால, ஏப்ரல் 10, பிரான்சில நடக்கிற பரி ரூபே ரேஸில, அதை நாலு தரம் வெண்ட டொம் பூனனை கடைசி ஸ்பிரிண்டில அடிச்சார். ஹேமனுக்கு அப்ப 37 வயசு, அந்த ரேஸில அவர் ஓடினது அது பதினைஞ்சாவது முறை. எங்களுக்கு நயாகரா போறதுக்கு இவ்வளவு கதை.

சென்னையிலிருந்து:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எங்களுக்கு ஏது வின்டர், நவம்பர் மழைதான். ஈசிஆர் பக்கம் போகவே முடியாத ஆறு வாரம் நானும் ட்ரெய்னர்தான். ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். இந்த வேர்வை உப்பு இருக்கே, ரோட்ல போனா பின்னாடி பறந்துடும், ட்ரெய்னர்ல நேரா ஹேண்டில்பார் மேல, அதப் பிடிச்சிருக்கிற ஸ்டெம் மேல, உள்ள ஹேண்டில் திரும்புற பேரிங் இருக்கிற ஹெட்செட் வரைக்கும் எறங்கும். ரெண்டு சீசன் நான் தொடைக்கவே இல்ல. மூணாவது வருஷம் ஸ்டெம் போல்ட்ட கழட்டப் போனா துரு ஏறி, ஆலன் கீ உள்ள வழுவழுன்னு சுத்துது, தலை போயிடுச்சு. மெக்கானிக் அண்ணன் ட்ரில் போட்டுத்தான் எடுத்தார், பேரிங்கும் கையோட போச்சு. ஹேண்டில் மேல ஒரு துண்டப் போடுங்க, முடிச்சதும் ஈரத்துணியால தொடைங்க, அவ்வளவுதான்.

ஒஸ்லோவிலிருந்து:

இஞ்ச டிசம்பரில ஒன்பது மணிக்குப் பிறகுதான் விடியும், மூண்டு மணி கொஞ்சம் தாண்ட இருட்டிப்போடும். எனக்கு ஸ்கிரீன் எண்டாலே அலுப்பு, வேலையிலயும் அதைத்தானே பார்க்கிறன். அதால நான் ரோலர்காரன். மூண்டு உருளை, அதுக்கு மேல சைக்கிள், பிடிச்சுக்கொள்ள ஒண்டும் இல்லை, நீங்களேதான் பலன்ஸ் பண்ணோணும். அலுப்படிக்குமோ எண்டு கேக்காதேங்கோ, அலுப்படிக்க நேரம் இல்லை. கண்ணை எடுத்தால் சரி. போன வருசம் அக்கா போன் அடிக்கிறா எண்டு ஒரு செக்கன் பக்கத்தில பார்த்தன், அப்பிடியே உருளையால வழுக்கி சோஃபாவுக்கு மேல சைக்கிளோட கிடந்தன். போன் இன்னும் அடிச்சுக்கொண்டே இருக்குது. அப்பவும் எடுத்து "என்னக்கா" எண்டு கேட்டனான், அவ தோசைக்கு உளுந்து எவ்வளவு போடுறனி எண்டு கேட்டா.

ஞாயிறு மட்டும் ஆணி டயர் போட்டு வெளிய போவன், ஒரு மணித்தியாலம் காணும், வெளிச்சத்துக்காகத்தான். அது இல்லாட்டி ஜனவரியில எனக்கு விசர் பிடிச்சிரும்.

மினியாபொலிஸிலிருந்து:

எல்லாரும் வாட்டு, ஸ்விஃப்ட்டுன்னு பேசறீங்க, எங்கிட்ட இருக்கிறது சாதாரண எக்சர்சைஸ் பைக், முன்னாடி இருந்தவங்க வீட்ட காலி பண்ணும்போது விட்டுட்டுப் போனது. பாப்பா மதியம் தூங்குற 45 நிமிஷம்தான் எனக்குக் கிடைக்கிற நேரம். வெளிய மைனஸ் 25 வரைக்கும் போகும் இங்க, வாக்கிங்கெல்லாம் நடக்காத கதை.

முதல்ல ஆப்ல ஸ்ட்ரீக், அதாவது விடாம எத்தன நாள் மிதிச்சோம்ங்கிற கணக்கு, பாத்துக்கிட்டுத்தான் மிதிச்சேன். பாப்பாக்கு சளி, மூணு நாள் போச்சு, ஸ்ட்ரீக் ஜீரோ ஆயிடுச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு, அப்புறம் பத்து நாள் அந்த ரூம் பக்கமே போகல. அப்ப ஊர்ல மார்கழி. அம்மா தெனமும் வாசல் கோலத்த போட்டோ எடுத்து அனுப்பிட்டிருந்தாங்க. அதுல ஒரு ஏழு புள்ளி ஊடுபுள்ளிக் கோலம், நடுவுல 7, ரெண்டு பக்கமும் 6, 5ன்னு கொறைஞ்சு 4ல நிக்கும். சும்மா எண்ணிப் பாத்தேன், 37 புள்ளி. வாரத்துக்கு மூணு நாள் மிதிச்சா பன்னெண்டு, பதிமூணு வாரம், அதாவது கிட்டத்தட்ட ஒரு வின்டர் முழுசும்!

பார்சல் பொட்டியில வந்த பழுப்புக் காகிதத்த செவத்துல ஒட்டினேன், ஒரு தடவ ஏறி எறங்கினா ஒரு புள்ளி. தேதி கிடையாது, அதனால விட்டுப்போன நாள்னு எதுவும் தெரியாது, புள்ளி எங்கயும் ஓடிப்போகாது, அது பாட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கும். 37ம் வெச்சு முடிச்சாத்தான் இழை இழுக்கணும், அது எனக்கு நானே போட்டுக்கிட்ட சட்டம். போன வருஷம் 31ல மார்ச் வந்து பனி உருகிடுச்சு, வெளிய நடக்கப் போகாம உள்ள உக்காந்து மிச்ச ஆறையும் மிதிச்சேன், வீட்டுக்காரர் என்னப் பாத்து தலையில அடிச்சுக்கிட்டார்.

அப்புறம் சீரியல் ஒண்ணு பாக்கறேன், அது பைக் மேல மட்டும்தான், சோஃபால உக்காந்து பாக்கக் கூடாது. வில்லி மாமியார் என்ன பண்ணப்போறாளோங்கிற டென்ஷன்லயே ஏறிடுவேன். ஒண்ணே ஒண்ணு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுந்து நின்னு மிதிங்க. ரோட்ல மேடு பள்ளம், சிக்னல்னு நம்மள அறியாம எழுந்துக்கிட்டே இருப்போம், இங்க ஆடாம அசையாம ஒரே எடத்துல உக்காந்து முதல் மாசம் நான் பட்ட பாடு பொதுவுல சொல்ற மாதிரி இல்ல.

மிசிசாகாவிலிருந்து:

அக்கா, அந்த 37 சூப்பர். நேத்து ராத்திரியே என் பொண்ணுகிட்ட சொல்லி காகிதத்துல புள்ளி வெச்சாச்சு, அவ 15 புள்ளி 8ல நிறுத்துற கோலம் போடலாம்னா, எண்ணிப் பாத்தா 169 வருது, ஆள விடு தாயேன்னுட்டேன். ஸ்கார்பரோ அண்ணே, செவ்வாக்கிழமை மீட்டப்ல எனக்கும் ஒரு எடம் குடுங்க, ஆனா எழுப்பறதுக்கு எனக்கு மட்டும் அடிங்க, வீட்ல வேணாம்.

சென்னை நண்பர் சொன்னதப் படிச்சுட்டு கீழ போய் டார்ச் அடிச்சுப் பாத்தேன். நாலு வருஷ வேர்வை, ஸ்டெம் போல்ட் தலை செங்கல் கலர்ல இருக்கு. எண்ணெய் விட்டு ஊற வெச்சிருக்கேன், நாளைக்குக் காலைல மிதிச்சு முடிச்சுட்டு கழட்டிப் பாக்கணும். இது 4 எம்எம்மா 5 எம்எம்மா, யாருக்காவது தெரியுமா? தப்பான கீய விட்டு நானும் தலைய வழிச்சுடக் கூடாது.