விடியப்புறம் ஏ4 வீதியில சைக்கிள்: பின்னுக்கு என்ன பூட்டலாம்? ராவு வெறி எப்ப இறங்கும்?

களுவாஞ்சிப் பொடியன்:

எங்கட ஊர்ச் சங்கத்தில திருவிழாச் செலவு போகக் கொஞ்சக் காசு மிஞ்சி நிக்குது. மட்டக்களப்பு ஏ4 வீதியில, களுவாஞ்சிகுடிக்கும் ஆரையம்பதிக்கும் இடைப்பட்ட ஊர்கள்ல விடியப்புறம் 4.30க்கும் 5.30க்கும் இடையில சைக்கிள்ல வெளிக்கிடுற ஆக்கள் கனபேர். குருமண்வெளித் துறையால படுவான்கரை வயலுக்குப் போறவங்க, மண்முனைப் பாலத்தால கொக்கட்டிச்சோலைப் பக்கம் போறவங்க, கடற்கரையில மீன் எடுத்து விக்கிறவங்க. 40 சைக்கிளுக்கு லைற்றோ ரிஃப்ளெக்டரோ போட்டுக் குடுக்கலாம் எண்டு பேச்சு.

மூணு விஷயம் தெரியோணும். என்ன சாமான், எந்த இடத்தில பூட்டுறது? தண்ணி போட்டவன் எல்லாம் ராவு 12 மணியோட வீட்ட போயிடுவான், விடியப்புறம் பயமில்ல, காசை வேற வேலைக்குப் போடுவம் எண்டு சங்கத்தில சிலபேர் சொல்றாங்க, அது சரியா? மற்றது, வாகனம் வாறது தெரியும் எண்டு சொல்லி வலப்பக்கத்தால எதிர்த்து ஓடுற ஆக்களுக்கு என்ன சொல்றது?

கம்பிச்சில்லு:

தம்பி, காசை முதல்ல பின்பக்கத்துக்குப் போடுங்க.

எங்கட பக்கம் ஓடுறது பெரும்பாலும் பழைய 26, 28 இஞ்சி சைக்கிள், போத்தல் டைனமோவோட. அந்த டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதில 2.4 வாட் முன் பல்ப்புக்கு, 0.6 வாட் பின் பல்ப்புக்கு. முன் பல்ப் எரிஞ்சு போச்செண்டால் அதுக்குப் போன மின்சாரமும் சேர்ந்து பின் பல்ப்பை எரிச்சுப் போடும். ரெண்டும் ஒரே நாள்ல போறது அதாலதான். ஆக்கள் டைனமோவைத் திட்டுவாங்க, டைனமோவில பிழை இல்ல. மற்றது வயர். டைனமோவில இருந்து ஒரு வயர்தான் இழுத்திருப்பாங்க, மின்சாரம் திரும்பி வாறது சைக்கிள் பிரேமால. கடற்கரை உப்புக்காத்தில பூட்டுற இடமெல்லாம் துருப்பிடிச்சு, லைற் மினுங்கி மினுங்கி எரியும். இன்னொரு வயரை லைற் உடம்பில இருந்து டைனமோ உடம்புக்கு இழுத்து விட்டா அந்தக் கரைச்சல் தீரும். மழையில உருளை ரயர்ல வழுக்கும். உருளைக்கு றப்பர் தொப்பி போடுங்க, டைனமோவின்ட அச்சு நேரா சில்லின்ட நடுவைப் பார்க்கிற மாதிரி வளைச்சுப் பூட்டுங்க.

ஆனா டைனமோவை எவ்வளவு திருத்தினாலும் சைக்கிள் நிண்டா லைற் அணையும். வலப்பக்க ஒழுங்கைக்குக் கிறுக றோட்டு நடுவில ஒருத்தர் நிக்கிற அந்த நேரம்தான் பின்லைற் கட்டாயம் வேணும். ஆனபடியா பின்னுக்குப் பற்றரியில ஓடுற சிவப்பு எல்.ஈ.டி தனியாப் போடுங்க.

சீற்றுக்குக் கீழ பூட்டாதீங்க. கரியர்ல நெல்லு மூடையோ மீன்பெட்டியோ வைச்சா மறைஞ்சிடும். கரியர் முடியிற கம்பியில, இல்லாட்டி பின்சில்லுக்கு வலப்பக்கம் இறங்குற கம்பியில பூட்டுங்க. வாகனம் வலப்பக்கத்தாலதான் முந்தும். லைற் வானத்தையோ நிலத்தையோ பார்க்காம நேரா பின்னுக்குப் பார்க்கோணும். சாச் பண்ணுற ஓட்டையின்ட றப்பர் மூடி தளர்ந்திருந்தா கார்த்திகை, மார்கழி மழைக்குத் தாங்காது. அப்பிடியானதை விட சாதாரணப் பற்றரி போடுற லைற் நல்லம், கடையில எப்பவும் பற்றரி கிடைக்கும்.

மின்னல்:

பின்லைற்றை விட்டு விட்டு எரிய விடுங்க. அதுதான் கண்ணில அடிக்கும், பற்றரியும் கனநாள் நிக்கும்.

கம்பிச்சில்லு:

கண்ணில அடிக்கும், உண்மை. ஆனா இருட்டில விட்டு விட்டு எரியிற ஒரே ஒரு சின்னப் புள்ளியை வைச்சு அது எவ்வளவு தூரத்தில நிக்குது, என்ன வேகத்தில போகுது எண்டு மட்டுக்கட்டுறது கஷ்டம். வெறியில இருக்கிறவனுக்கு இன்னும் மோசம். ஒரு லைற் எண்டால் விடாம எரிய விடுங்க. ரெண்டு இருந்தா மற்றதை மின்ன விடலாம்.

கணக்கு வாத்தி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சங்கத்தில் சொன்ன அந்த யோசனை பிழை. கணக்குப் போட்டே காட்டலாம்.

நம் நாட்டுச் சாராயம் பெரும்பாலும் 33.5 வீதம். 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் சுத்த அற்ககோல் ஏறத்தாழ 47 கிராம், 375 மில்லி அரைப் போத்தலில் 99 கிராம். ‘பியர் தானே’ என்பவர்களுக்கு: 8.8 வீத ஸ்ட்ரோங் பியர் 625 மில்லிப் போத்தல் ஒன்றில் 43 கிராம் இருக்கிறது, கிட்டத்தட்டக் கால் போத்தல் சாராயம். 60 கிலோ ஆளின் ஈரல் மணிக்கு 6 கிராம் அளவில்தான் எரிக்கும். தேசிக்காய்த் தண்ணி, கோப்பி, தலையில் குளிப்பது எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

அரைப் போத்தலை இரவு 8 மணிக்கு முடித்த ஒருவரை எடுப்போம். இரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 240 மில்லிகிராம் வரை ஏறி, மணிக்கு 15 மில்லிகிராம் படி இறங்கும். விடியப்புறம் 4.30க்கு இன்னும் 110 தாண்டியே நிற்கும். இலங்கைச் சட்டத்தின் எல்லை 80. அந்த எல்லைக்கு அவர் இறங்கக் காலை 7 மணியாகும், முழுதாகத் தெளியப் பகல் 12 மணியாகும். 10 மணிக்குக் குடித்து முடித்தவருக்கு எல்லாவற்றோடும் 2 மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். இது அண்ணளவு. நாளாந்தம் குடிப்பவருக்குச் சற்று வேகமாக இறங்கும், மெலிந்த உடம்புக்கு இன்னும் கூடுதலாக ஏறும். கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்புக்கு இந்தக் கணக்கே போட முடியாது, ஒவ்வொரு வடிப்பும் ஒவ்வொரு காரம்.

படுத்து எழும்பியவர் தான் தெளிந்துவிட்டதாக நம்புவார், வாயிலும் பெரிதாக மணம் இராது. ஆனால் பொலிஸ் ஊதச் சொல்லும் குழாயில் மஞ்சள் உப்பு பச்சையாக மாறுவது நுரையீரலிலிருந்து வரும் காற்றுக்கு. இனிப்புச் சூப்பினாலும் வெற்றிலை போட்டாலும் மாறும். 80க்குக் கீழே இறங்கினால் ஆபத்து இல்லை என்றும் எடுக்கக் கூடாது. இந்தியாவில் அதே எல்லை 30.

இப்போது சைக்கிள்காரர் பக்கம். வேன் 70 கிலோமீற்றர் வேகம், சைக்கிள் 15. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் செக்கனுக்கு 15 மீற்றர் குறைகிறது. கறுத்தச் சாரம், கடும் நிறச் சேட்டு போட்டவர் தாழ்ந்த விளக்கில் தெரிவது சுமார் 30 மீற்றரில், அதாவது 2 செக்கன். தெளிந்த சாரதிக்கே கண்டு பிரேக்கில் கால் வைக்க 1.5 செக்கன் வேண்டும். குடித்தவருக்கு அதற்கு மேல். எதிரே வந்த லொறியின் வெளிச்சம் கண்ணில் அடித்தபின் பார்வை திரும்பவும் அவருக்குக் கூட நேரம் எடுக்கும். நல்ல ரிஃப்ளெக்டர் 150 மீற்றரில் தெரிந்தால் கிடைப்பது 10 செக்கன். வெறியில் உள்ளவருக்கும் அது போதும்.

போயாவுக்கு (பௌர்ணமி விடுமுறை) முதல்நாள் பின்னேரம் வாங்கி வைத்துக் குடிப்பது வழக்கம், போயாவன்று மதுக்கடை பூட்டு என்பதால். ஆகவே போயா விடியலும் ஞாயிறு விடியலும் கூடுதல் கவனம்.

அக்கரைப்பற்றுக் காக்கா:

வலப்பக்கத்தால எதிர்த்து ஓடுறதை உடனே நிப்பாட்டச் சொல்லுங்க. நடந்து போறவருக்கு அது சரி, சைக்கிளுக்குப் பிழை. வாத்தியார்ட கணக்கையே எடுங்க. இடப்பக்கம் போனா ரெண்டு வேகத்தையும் கழிக்கோணும், 55. எதிர்த்துப் போனா கூட்டோணும், 85. மோதினா அடியும் அந்தளவுக்கு. ஒழுங்கையால ஏறுற மோட்டச்சைக்கிள்காரர் முதல்ல பார்க்கிறது வலப்பக்கத்தை. இடப்பக்கத்தில இருந்து ஒரு சைக்கிள் வரும் எண்டு அவர் நினைக்கவே மாட்டார்.

இடப்பக்கம் எண்டு சொல்லி தார் முடியிற விளிம்பில ஒட்டி ஓடுறதும் ஆபத்து. எங்கட கரையோரத்தில ஓரம் முழுக்க மணல். தாரை விட ரெண்டு மூணு இஞ்சி இறங்கித்தான் இருக்கும். முன்சில்லு கீழ இறங்கினா உடனே மேல ஏத்தப் பார்ப்பாங்க. சில்லு விளிம்பில உரசிப் பிடிச்சு, சைக்கிள் வலப்பக்கம், வாகனத்துக்கு நேராத்தான் சாயும். இறங்கினா இறங்கினபடியே போய் நிண்டு, தூக்கி வைச்சு மறுகா ஏறோணும். விளிம்பில இருந்து ஒண்டரை ரெண்டு அடி விட்டு ஓடினா ஒதுங்க இடமும் இருக்கும்.

வேளாண்மை வெட்டுற மாசங்கள்ல, பெரும்போகத்துக்கு மாசி பங்குனி, சிறுபோகத்துக்கு ஆவணி, றோட்டோரம் நெல்லுக் காயும். ராவில அதைக் கூட்டி மூடி, காத்துக்குப் பறக்காம கல்லு வைச்சிருப்பாங்க. சைக்கிள்காரர் நடு றோட்டுக்கு வந்துதான் சுத்தோணும். சுத்த முதல் திரும்பிப் பாருங்க, வெளிச்சம் வந்தா நிண்டு விடுங்க. அந்தக் கல்லை எடுக்காம விட்டுட்டுப் போறவங்களை என்னண்டு சொல்றது! இன்னொண்டு, பின்லைற் இல்லாம நெல்லேத்திக்கொண்டு போற உழவு மிசின் பெட்டி. அதுக்குப் பின்னால ஒட்டி ஓடாதீங்க. அதை முந்த வாற வாகனம் கடைசி நேரத்தில இடப்பக்கம் கிறுகினா நீங்கதான் அதில நிப்பீங்க.

வலப்பக்கக் ஹெண்டிலில ஒரு சின்னக் கண்ணாடி பூட்டினா திரும்பிப் பார்க்கிற வேலை பாதி குறையும். காதில பாட்டுக் கேக்கிறதும் வேணாம், ஏ4இல வாகனத்தின்ட வேகத்தைச் சத்தத்தை வைச்சே மட்டுக்கட்டலாம்.

மற்றது, தண்ணி போட்டிட்டு சைக்கிள் ஓடுறதையும் சங்கத்தில சொல்லுங்க. சைக்கிளுக்கு ஆர் பிடிக்கப் போறான் எண்டு நினைக்கிறாங்க. சமநிலைதான் முதல்ல போகும், ரெண்டடி விலத்தி ஓடுறவர் நாலடி ஆட்டி ஓடுவார். அந்த நேரம் உருட்டிக்கொண்டு போறதுதான் வழி.

களுவாஞ்சிப் பொடியன்:

நல்ல விளக்கம் காக்கா, வாத்தியாருக்கும் நன்றி. கம்பிச்சில்லு அண்ணே, ரிஃப்ளெக்டர் ரேப்பைப் பத்திச் சொல்லேல்ல. 40 சைக்கிளுக்கு எவ்வளவு வேணும்?

கம்பிச்சில்லு:

லொறிக்கு ஒட்டுற 2 இஞ்சி அகல ரேப் வாங்குங்க, தேன்கூட்டு மாதிரிக் கட்டம் போட்டது. பளபளக்கிற ஸ்டிக்கரை ரிஃப்ளெக்டர் எண்டு விக்கிற கடையும் இருக்கு. சோதிக்க ஒரு வழி: ஒரு துண்டை இருட்டில ஒட்டி, 50 எட்டு தள்ளி நிண்டு, ரோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில பிடிச்சு அடியுங்க. பல்ப் எரியிற மாதிரித் தெரிஞ்சா நல்லது. ரோர்ச்சை இடுப்பில பிடிச்சா நல்ல ரேப்பும் மங்கலாத்தான் தெரியும், அதை வைச்சு ஏமாறாதீங்க.

சிவப்பு: பின் மட்காட்டில 20 சென்ரிமீற்றர், பின்சில்லுக்கு இறங்குற ரெண்டு கம்பியிலயும் 15 படி. மொத்தம் 50. வெள்ளை: முன் போர்க் ரெண்டிலயும் 15 படி, 30. மஞ்சள்: ஒவ்வொரு பெடலுக்கும் முன்விளிம்பு பின்விளிம்பு 7 படி, 28. பெடல் மஞ்சளைத் தவற விடாதீங்க. மேலயும் கீழயும் போற ரெண்டு வெளிச்சத்தைக் கண்டா, போறது சைக்கிள் எண்டு சாரதிக்கு உடனே விளங்கும். மட்காட்டுக்கு மட்டும் முழு அகலம், மற்றதெல்லாம் நெடுக்கா ரெண்டாக் கிழிச்சு 1 இஞ்சியா ஒட்டலாம். அப்பிடிப் பார்த்தா 40 சைக்கிளுக்கு சிவப்பு 14 மீற்றர், வெள்ளையும் மஞ்சளும் 6 மீற்றர் படி. கழிவுக்கும் சேர்த்து சிவப்பு 16, மற்றது 7 எண்டு வாங்குங்க.

ஒட்ட முதல் துருவை மண்கடதாசியால தேய்ச்சு, சவுக்காரத் தண்ணியால கழுவிக் காய வைச்சு, ஸ்பிரிற்றால துடையுங்க. மண்ணெண்ணெயால துடைச்சா எண்ணெய்ப் பசை நிக்கும், ஒரு மழைக்கே கழரும். ஒட்டின அண்டு நனைய விடாதீங்க.

விறகு, புல்லுக்கட்டு ஏத்துறவங்களுக்கு இதெல்லாம் மறையும். ஒரு சாண் பலகைத் துண்டில சிவப்பு ரேப் ஒட்டி, பழைய ரியூப் நாரால கட்டின் பின்முனையில தொங்க விடச் சொல்லுங்க.

வாவிக்கரை:

சங்கம் கடிதம் எழுதுற எண்டால் ரெண்டு இடத்துக்கு எழுதுங்க. ஏ4இல ஓரத்து மணலும் விளிம்பு இறக்கமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ட பொறுப்பு, பிரதேச சபைக்கு எழுதிப் பிரயோசனம் இல்ல. பொலிஸ் நிலையத்துக்கு எழுதும்போது, ஊதிப் பார்க்கிறதை ராவில மட்டும் வைக்காம போயா, ஞாயிறு விடியப்புறம் 4.30 இல இருந்து 7 மணி வரைக்கும் வையுங்க எண்டு நேரத்தைப் போட்டே கேளுங்க, வாத்தியார்ட கணக்கையும் சேர்த்து.

அடிபட்டுக் கிடக்கிறவரைக் கண்டா முதல் வேலை, பின்னால வாற வாகனத்தை நிப்பாட்டுறது. 30 எட்டுப் பின்னுக்கு ஒருத்தர் ரோர்ச்சோட நிக்கோணும். அவரைத் தூக்கி இருத்தி, தண்ணி பருக்கி, ஆட்டோவில மடக்கி ஏத்துறதுதான் ஊர் வழக்கம். கழுத்தெலும்பு உடைஞ்சிருந்தா அதிலயே கை கால் விளங்காமப் போகும். ரத்தம் வாற இடத்தைச் சுத்தமான சீலையால அமத்திப் பிடியுங்க, தலையை அசையாமப் பிடியுங்க, சத்தி வந்தா மட்டும் தலையும் உடம்பும் ஒண்டாச் சேர்த்துப் பக்கவாட்டில திருப்புங்க. 1990க்கு எடுத்தா அம்புலன்ஸ் காசில்லாம வரும், பொலிஸுக்கு 119. இடம் கேப்பாங்க. இருட்டில ‘கோயிலடி’ எண்டு சொன்னா எந்தக் கோயில் எண்டு அவங்களுக்கு விளங்காது. பக்கத்துக் கிலோமீற்றர் கல்லில உள்ள இலக்கத்தை வாசிச்சுச் சொல்லுங்க.