பவர் போட்டதும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது

டெஸ்க்டாப், எல்ஜிஏ 1151 சிபியூ சாக்கெட் உள்ள மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). நான்கு நாளாக இதே நிலை. பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்றோடு நிற்கும். பீப் இல்லை, டிஸ்ப்ளே இல்லை. வால் ஸ்விட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டால்தான் மறுபடி அந்த அரைச் சுற்றாவது வரும்.

ராமை ஒவ்வொன்றாக மாற்றியாயிற்று. சிஆர்2032 பேட்டரி புதிது, சிமாஸ் கிளியர் செய்தேன் (பயாஸ் செட்டிங்கை அழித்தேன்). கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாம் கழற்றிவிட்டேன். வேறு எஸ்எம்பிஎஸ்ஸிலும் இதேதான், ஆகவே சந்தேகம் அதன்மேல் இல்லை.

சிபியூவுக்குப் போகும் 8 பின் 12 வோல்ட் கனெக்டரை உருவிவிட்டால் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது! எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு, போர்டில் அந்த 8 பின் கனெக்டர் செருகும் இடத்தில் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்தேன்: சிபியூ இருக்கும்போது 3 ஓம், கழற்றினால் பல கிலோ ஓம். சிபியூ சாக்கெட்டில் பின் எதுவும் வளையவில்லை.

விஆர்எம்மில் (12 வோல்ட்டைச் சிபியூவுக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றும் பகுதி) மேல்பக்க மாஸ்ஃபெட் (12 வோல்ட் பக்கம் ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஷார்ட் ஆகியிருந்தாலும் இதே அளவுதான் வரும்; அப்படியானால் வேறு சிபியூவைப் போட்டால் 12 வோல்ட் நேராகப் பாய்ந்து அதுவும் போய்விடும்.

போனது மாஸ்ஃபெட்டா, சிபியூவா என்பதை இன்னொரு சிபியூவைப் பலி கொடுக்காமல் மல்டிமீட்டரிலேயே உறுதிசெய்ய எந்த இரண்டு புள்ளிகளில் அளக்க வேண்டும்?