புதுப்பிப்பு: நின்றால் சூடு காற்று அடித்த கார் ஏசி

குளச்சலிலிருந்து நாகர்கோவில் வரை ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது, வடசேரி நெரிசலில் நின்றால் சூடு காற்று வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் ஏசி கேஸ் (குளிர வைக்கும் வாயு) நிரப்பச் சொன்னீர்கள். கேஸ் குறையவே இல்லை. மெக்கானிக் கேஸ் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, வண்டியை நிறுத்தி வைத்தே இன்ஜினையும் ஏசியையும் ஓட்டிப் பார்த்தார். ஹை சைடு பிரஷர் (கண்டென்சர் பக்கத்துக் கேஸ் அழுத்தம்) ஏறிக்கொண்டே போனது, கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்குக் காற்றடிக்கும் ஃபேன் சுற்றவில்லை. ஓடும் வண்டியில் எதிர்காற்றே கண்டென்சரைக் குளிர வைத்துவிடும். நின்றால் அது ஃபேனின் வேலை. ஃபேனுக்குக் கரண்ட் போகும் வயர் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு, ஒரு பின் தொட்டதுமே உதிர்ந்தது. எல்லாம் உப்புக்காற்றின் வேலை. மோட்டார் நல்லாத்தான் இருந்தது, கனெக்டரை மட்டும் மாற்றினோம். இப்போது நின்றாலும் குளிர்கிறது. கடலோரம் வண்டி நிறுத்துகிறவர்கள் கேஸுக்குக் காசு கொடுக்கும் முன் ஏசியைப் போட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஃபேனைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு ரொம்ப நன்றி.