சந்தேகம் வந்தால் கேப்டனைக் கூப்பிடு: ஸ்டார்ஃப்ளீட் கேடட்களும் நம் முதல் டியூட்டியும்

துறைமுகத்தான்:

பன்னிரண்டு வருஷம் சரக்குக் கப்பலில் ஓடிவிட்டு இப்போது கரையில் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்டார் ட்ரெக் பார்க்கிறவர்களுக்குப் பொதுவாக வேற்றுக்கிரகவாசிகளைப் பிடிக்கும், சண்டையைப் பிடிக்கும். என் கண் கேடட்கள், அதாவது ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்வெளிப் படையில் அதிகாரியாகப் பயிற்சி பெறும் பிள்ளைகள் மேல்தான் போகும்.

1982-இல் வந்த இரண்டாவது படத்தில் என்டர்பிரைஸ் என்ற விண்கலம் ஒரு பயிற்சிக் கலம். ஸ்பாக் அதன் கேப்டன், உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள். புறப்படும் நேரத்தில் சாவிக் என்ற பயிற்சி அதிகாரியிடம் அவர் கேட்கிறார், இதற்கு முன் கலத்தைத் துறையிலிருந்து வெளியே எடுத்திருக்கிறாயா என்று. இல்லை என்கிறாள். எடு என்கிறார். அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கும் பழைய கேப்டன், இப்போது அட்மிரல் ஆகிவிட்ட கிர்க்குக்கு முகம் போகிற போக்கைப் பார்த்து டாக்டர் மெக்காய், பதற்றத்துக்கு மருந்து தரட்டுமா என்று கிண்டல் செய்கிறார்.

தியேட்டராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டெக் கேடட்டாக ஏறியபோது முதல் நாலு மாதம் என் கையில் சிப்பிங் சுத்தியல்தான் இருந்தது. துரு தட்டு, பெயின்ட் அடி, மறுபடி துரு தட்டு. ஒரு நாள் காலையில் துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறியிருக்க, துறைமுகத்தை விட்டு வெளியே போகும் நேரத்தில் கேப்டன் என்னை வீலில் நிற்கச் சொல்லிவிட்டார். பைலட் சொல்லும் ஆர்டரைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். எனக்குக் குரலே வரவில்லை. கேப்டன் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலோரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். கப் காலியாகி வெகுநேரம் ஆன பிறகும் அதை வாயருகே தூக்கிக்கொண்டே இருந்தார் என்பதை அப்புறம் மெஸ் பையன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் வேலையை நினைவூட்டிய கேடட் காட்சி எதுவும் இருந்தால் சொல்லுங்கள். கேடட்களுக்கு வைக்கும் ஜெயிக்க முடியாத சோதனையான கோபயாஷி மாருவை மட்டும் இழுக்காதீர்கள், எல்லாரும் அரைத்த மாவு அது.

குடோன்காரன்:

அண்ணா, எனக்கு டீப் ஸ்பேஸ் நைன் என்ற ஸ்டார் ட்ரெக் தொடரில் வரும் நாக். லாபமே குறியான ஃபெரங்கி இனத்திலிருந்து ஸ்டார்ஃப்ளீட்டுக்குப் போன முதல் ஆள். பரிந்துரைக் கடிதம் கேட்டு விண்வெளி நிலையத்தின் தளபதி சிஸ்கோவிடம் வந்து நிற்கிறான். திருட்டுத்தனம் ஏதாவது இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். கடிதத்துக்கு முன்னால் சரக்கு அறையில் இருப்பதை எல்லாம் எண்ணிக் கணக்கு எடுத்து வா என்று அனுப்புகிறார். முன்பு எண்ணியவர்கள் தவறவிட்டதையும் சேர்த்துப் பிடித்துவிடுகிறான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஸ்டாக் எடுக்கத்தான் விட்டார்கள். நானும் ஒன்றைப் பிடித்தேன், நாற்பது மூட்டை கூடுதலாக இருந்தது. சூப்பர்வைசரிடம் சொன்னேன். "கூடுதல்தானே, விடு" என்றார். எனக்குக் கடிதமும் கிடைக்கவில்லை, ஒன்றும் கிடைக்கவில்லை.

நைட் டியூட்டி:

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷத்தில்தான் நெக்ஸ்ட் ஜெனரேஷன் என்ற ஸ்டார் ட்ரெக் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன். 1989-இல் வந்த 'பென் பால்ஸ்' எபிசோடில், தானே அழிந்துகொண்டிருக்கும் கோள்களை ஆராயும் குழுவுக்கு வெஸ்லியைத் தலைவனாகப் போடுகிறார்கள். மீசை முளைக்காத பையன். குழுவில் உள்ளவர்கள் எல்லாரும் மூத்தவர்கள். ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றுகிறது. அதற்கு நேரமாகும், அதனால் லாபமில்லை என்று ஒருவர் தட்டிக்கழிக்கிறார். இவனும் சரி, வேண்டாம் என்று விட்டுவிடுகிறான். அப்புறம் மனசு கேட்காமல் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான ரைக்கரிடம் போய் நிற்கிறான். அவர் சோதனை செய் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதில்லை. இந்த இடத்தில் கேப்டன் பிக்கார்ட் என்ன செய்வார் என்று கேட்டு, எல்லோரும் சொல்வதைக் கேட்பார், பிறகு முடிவைத் தானே எடுப்பார் என்பதை அவன் வாயாலேயே வரவழைத்து அனுப்புகிறார். வெஸ்லி திரும்பி வந்து அந்தச் சோதனை வேண்டும் என்று கேட்கிறான். சண்டை வரும் என்று பார்த்தால், அந்த மூத்தவர் மறுபேச்சில்லாமல் செய்யப் போய்விடுகிறார். கோள்கள் ஏன் சிதைகின்றன என்பதற்கான தடயம் அதில்தான் கிடைக்கிறது.

எனக்கு நடந்ததும் அதேதான். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பெரியவருக்குப் பொட்டாசியம் அளவு நம்ப முடியாத மாதிரி வந்தது. மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். லேபில் இருந்தவர், என் வயசை விட அதிக வருஷம் சர்வீஸ் போட்டவர், "ஏம்மா, மிஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டார். பயந்து போனை வைத்துவிட்டேன். பத்து நிமிஷம் வார்டில் நடந்தேன். யூனிட் சீஃபை எழுப்பினேன். "உனக்கு என்ன தோணுது?" என்றார். மறுபடி பார்க்கணும் சார் என்றேன். "அப்ப பாரு" என்று வைத்துவிட்டார். திரும்ப லேபுக்குப் போன் போட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் செய்து கொடுத்தார். முதல் சாம்பிள் கெட்டுப்போயிருந்தது, பெரியவருக்கு ஒன்றுமில்லை.

பழைய ரசிகை:

மாவை நான் அரைக்கிறேன், மன்னிக்கவும். கோபயாஷி மாரு சோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதே படத்தில் பின்னால் வருவதைப் பேசுவதே இல்லை. ஜெயிக்கவே முடியாத அந்தப் போலிப் போரில் தோற்றுவிட்டு, இது நியாயமில்லை என்று சாவிக் பொருமுகிறாள். கிர்க் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் நிரலையே மாற்றி ஜெயித்தவர். சரி. அப்புறம் நிஜக் களம் வருகிறது. ரிலையன்ட் என்ற கலம் எதிரே வருகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. பதில் சொல்லாத கலம் நெருங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது, சாவிக் அதைச் சொல்ல வாயெடுக்கிறாள். அட்மிரலுக்கு விதியெல்லாம் தெரியும் என்று ஸ்பாக் அடக்கிவிடுகிறார். ஸ்பாக்! அடுத்த நிமிஷம் அடி விழுகிறது. இன்ஜின் ரூமில் இருந்த பிள்ளைகள் சிதறி ஓட, இடத்தை விட்டு நகராமல் நின்ற பீட்டர் பிரெஸ்டன் உயிர் போகும் அளவுக்கு அடிபடுகிறான். தலைமை இன்ஜினியர் ஸ்காட்டி அவனைக் கையில் ஏந்திக்கொண்டு கலத்தை இயக்கும் பிரிட்ஜுக்கே வந்து நிற்பார், பிறகு சிகிச்சை அறையில் அவன் செத்துப்போகிறான். இனிமேலும் விதிகளைச் சொல்லிக்கொண்டே இரு என்று கிர்க் சாவிக்கிடம் சொல்வது, ஸ்காட்டி அப்படி வந்து நிற்பதற்குச் சற்று முன்புதான்.

நான் பள்ளியில் பாடம் நடத்தியவள். பயிற்சிக்கு வந்த பி.எட். பெண் ஒருத்தி என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனுக்குக் கரும்பலகை தெரியவில்லை போலிருக்கிறது என்றாள். எனக்குத் தெரியும்மா, அவன் சோம்பேறி என்றேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான்.

துறைமுகத்தான்:

டீச்சர், மாவு புளிக்கவில்லை, நான் தோற்றேன்.

எனக்கு மனசு ஆறாத எபிசோட் ஒன்று உண்டு, டீப் ஸ்பேஸ் நைனில் 1998-இல் வந்த 'வேலியன்ட்'. ரெட் ஸ்குவாட் என்ற பொறுக்கியெடுத்த கேடட்கள் பயிற்சிப் பயணம் போயிருக்கும்போது போர் வெடிக்கிறது. எதிரி எல்லைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அதிகாரிகள் இறந்துபோகிறார்கள். சாகும் முன் கேப்டன் ஒரு கேடட்டிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். வாட்டர்ஸ், வயது இருபத்திரண்டு. எட்டு மாதம் ஓட்டுகிறான், தூங்காமல் இருக்க மாத்திரை போட்டுக்கொண்டு. அங்கே போய்ச் சேரும் நாக்கைத் தலைமை இன்ஜினியர் ஆக்கிவிடுகிறார்கள், நம் குடோன்காரர் சந்தோஷப்படலாம். எதிரியின் புதிய போர்க்கலத்தை வேவு பார்ப்பதுதான் வந்த உத்தரவு. அதை முடித்துவிடுகிறார்கள். திரும்பியிருக்கலாம். தாக்கலாம் என்கிறான் வாட்டர்ஸ். இது முடியாத காரியம், என் அப்பாவே தொடமாட்டார் என்று சிஸ்கோவின் மகன் ஜேக் மன்றாடுகிறான். மற்றவர்கள் ரெட் ஸ்குவாட், ரெட் ஸ்குவாட் என்று கத்துகிறார்கள். மூன்று பேர்தான் பிழைக்கிறார்கள்.

அந்தப் பையன்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. என்னை விட நன்றாகவே தெரியும். ஆனால் அவர்களுடைய வேலியன்ட் கலத்தில் இன்டர்காமை எடுத்தால் மறுமுனையில் யாரும் இல்லை.

கப்பலில் மூன்றாம் அதிகாரியான தேர்ட் மேட் ஆன முதல் வாரம், ராத்திரி எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என் வாட்ச். கேப்டனின் நைட் ஆர்டர் புக்கில் கடைசி வரி எப்போதும் ஒன்றேதான்: சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு. எட்டரை மணிக்கு மேற்கே அடிவானத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். ரேடாரில் ஒன்றும் இல்லை. பைனாகுலரில் பார்த்தால் ஆடுகிறது, நிறம் மாறுகிறது. கூப்பிட்டேன். கேபினில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர் லுங்கியோடு ஏறி வந்தார். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"வெள்ளி கிரகம்" என்றார்.

திட்டுவார் என்று நின்றேன். டீ போடச் சொன்னார், குடித்தார், இறங்கிப் போய்விட்டார். மறுநாள் ராத்திரி புக்கைத் திறந்தேன். அதே வரி, இந்த முறை அடியில் இரண்டு கோடு.

குடோன்காரன்:

அண்ணா, அந்தக் கேப்டன் எங்கள் குடோனுக்கு வருவாரா?